ஜாக்சன் ஹைட்ஸ்ல ஒரு பெட்ரூம் கோ-ஆப்: விலை இவ்வளவு கம்மியா இருக்கே, என்ன வில்லங்கம்?

பிப்ரவரி 9, ஞாயிறு (கேள்வி)

நியூயார்க், குயின்ஸ். 82-வது தெரு ஸ்டேஷன்லேர்ந்து நடக்கற தூரத்துல ஒரு பெட்ரூம் கோ-ஆப் விலைக்கு வந்திருக்கு. நாலாவது மாடி, லிஃப்ட் உண்டு, ஜன்னல் உள்பக்கத் தோட்டத்தைப் பாத்து. 370 ஆயிரம் டாலர், மெயின்டனன்ஸ் மாசம் 940. இதே அளவு காண்டோவுக்கு (ஃப்ளாட்டே நம்ம பேர்ல பதிவாகற வகை) லாங் ஐலண்ட் சிட்டியில டபுள் சொல்றாங்க. ஆபீஸ்ல ஒருத்தர், "கோ-ஆப்னா சொந்த வீட்டுக்கே வாடகை கட்டறது, கிட்டயே போகாதே"ங்கறார். திருச்சியிலேர்ந்து அப்பா, "யூடிஎஸ் (மனையில நம்ம பங்கு) எவ்வளவு? பத்திரம் யார் பேர்ல?"ன்னு கேக்கறார். எனக்குப் பதில் தெரியல. ஹெச்1பி வேலை விசா, தனி ஆள். வாங்கலாமா? அங்க இருக்கறவங்க சொல்லுங்க.

பிப்ரவரி 9, ராத்திரி

நான் அங்கதான் இருக்கேன். அதே மாதிரி கட்டிடம், அதே மாதிரி ஒரு பெட்ரூம். கட்டிடத்தை நிர்வாகம் பண்ற போர்டுலயும் உக்காந்திருக்கேன். அதனால வாங்கறவங்க கஷ்டமும் தெரியும், உள்ள விடறவங்க புத்தியும் தெரியும்.

முதல்ல அப்பாவுக்குப் பதில். யூடிஎஸ் பூஜ்யம். உங்க பேர்ல பத்திரமே கிடையாது. மனை, கட்டிடம், பாய்லர், லிஃப்ட், தோட்டத்து மரம் எல்லாமே ஒரு கம்பெனிக்குச் சொந்தம். நீங்க வாங்கறது அந்தக் கம்பெனியோட ஷேர். அந்த ஷேர் கையில இருக்கற வரைக்கும் 4-வது மாடி இன்ன ஃப்ளாட்டுல குடியிருக்கலாம்னு கம்பெனி உங்களுக்கு ஒரு குத்தகைப் பத்திரம் எழுதிக் குடுக்கும். ஒரு ஷேர் சர்டிஃபிகேட், ஒரு லீஸ். இந்த ரெண்டு காகிதம்தான் உங்க வீடு. பேங்க் லோன் குடுத்தா அடமானமா வாங்கி வெச்சுக்கறதும் இதே ரெண்டைத்தான்.

அப்பா பயந்துடுவார். ஆனா நியூயார்க்ல சொந்தமா வாங்கற அபார்ட்மென்ட்ல பெரும்பகுதி இப்படித்தான், இது ஒண்ணும் புதுசா முளைச்ச திருட்டுத்தனம் இல்ல. மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்றுன்னு நம்ம ஊர்ல அலையற அலைச்சலுக்குப் பதிலா, இங்க லாயர் ஷேர் மேலயும் விக்கறவர் மேலயும் கம்பெனி மேலயும் கடன், வழக்கு எதாவது இருக்கான்னு தேடிக் குடுப்பார்.

இன்னொரு லாபம். காண்டோவுக்கு லோன் போட்டா அடமானத்தைப் பதிய நகரமும் மாநிலமும் வரி வாங்கும். 500 ஆயிரத்துக்குக் கீழ லோன்னா உங்க பங்கு 1.8 சதவீதம். கோ-ஆப்ல நிலமே உங்க பேர்ல இல்லாததால அந்த வரி கிடையாது.

விலை கம்மிக்குக் காரணம் இன்னிக்கு எழுத முடியாது, தூக்கம் வருது. என் முதல் அபிப்ராயம்: வாங்குங்க.

பிப்ரவரி 10, திங்கள்

940 எதுக்குன்னு கேட்டீங்க. வாடகைன்னு சொன்ன ஆபீஸ்காரர் பாதிதான் தெரிஞ்சவர். அதுக்குள்ள சொத்து வரி இருக்கு. காண்டோவுல சொத்து வரி தனி பில், அதனால காண்டோவோட மாசக் கட்டணம் சின்னதாத் தெரியும். அதோட கட்டிடம் மொத்தத்துக்கும் வாங்கியிருக்கற கடனோட வட்டி, குளிர்கால ஹீட், வெந்நீர், சூப்பர் (கட்டிடத்தைப் பாத்துக்கற ஆள்) சம்பளம், கூட்டிப் பெருக்கறவர் சம்பளம், இன்ஷூரன்ஸ், தோட்டம். கரன்ட் உங்களோடது. சமையல் கேஸ் கட்டிடத்துக்குக் கட்டிடம் மாறும், கேளுங்க.

எவ்வளவு கட்டணும்னு முடிவு பண்றது ஷேர் எண்ணிக்கை. பெரிய ஃப்ளாட், மேல் மாடின்னா ஷேர் அதிகம், மெயின்டனன்ஸும் அதிகம். வருஷக் கடைசியில கம்பெனியோட கணக்காளர் ஒரு லெட்டர் அனுப்புவார்: ஒரு ஷேருக்கு இவ்வளவு சொத்து வரி, இவ்வளவு வட்டி. அதை உங்க ஷேரால பெருக்கி வரிக் கணக்குல கழிச்சுக்கலாம். விவரமா கழிவு காட்டறவங்களுக்குத்தான் பிரயோஜனம், எல்லாருக்கும் இல்ல.

ஹீட் பத்தி ஒரு வார்த்தை. 1920-கள்ல கட்டின கட்டிடம், நீராவி ரேடியேட்டர். அக்டோபர் 1-லேர்ந்து மே 31 வரைக்கும் கட்டிடம் ஹீட் குடுத்தே ஆகணும், நகரச் சட்டம். விடிகாலை நாலரைக்கு பாய்லர் எழுந்துக்கும்போது பக்கத்து ரூம்ல யாரோ பித்தளை அண்டாவைத் தட்டற மாதிரி கேக்கும். ரேடியேட்டர் ஓரத்துல ஒரு குட்டி வெள்ளி வால்வு இருக்கும், அது விசில் அடிச்சு, கொஞ்சம் எச்சில் துப்பி, அடங்கும். ஜனவரியில வெளிய பனி கொட்டும், நாங்க உள்ள பனியனோட ஜன்னலைத் திறந்து வெச்சுப் படுத்திருப்போம். அந்த வால்வு கெட்டுப்போனா மாத்த இருபது டாலர்கூட ஆகாது, ஆனா சூப்பர் வந்து மாத்தணும். சூப்பரைப் பகைச்சுக்காதீங்க.

பிப்ரவரி 10, மத்தியானம்

"அந்தக் காசுக்கு எடிசன்ல..."ன்னு எழுதின நியூஜெர்சி அண்ணாவுக்கு. வருவீங்கன்னு தெரியும். ஓக் ட்ரீ ரோடு, ரெண்டு கார் கராஜ், புல்வெட்டற மிஷின், தினம் ட்ரெயின்ல போக வர மூணு மணி நேரம். நீங்க சந்தோஷமா இருங்க. கேள்வி கேட்ட தம்பிக்குக் கார் ஓட்டவே தெரியாதாம், தனி மெசேஜ்ல சொல்லியிருக்கார்.

பிப்ரவரி 12, புதன்

விலை ஏன் கம்மி? காண்டோன்னா வாங்கறவன் கையில முழு உரிமை. வாடகைக்கு விடலாம், ஊர்ல இருந்துகிட்டே முதலீடா வாங்கலாம். கோ-ஆப்ல இதெல்லாம் கஷ்டம், அதனால வாங்க வர்ற கூட்டமே சின்னது. 20-லேர்ந்து 25 சதவீதம் கையிலேர்ந்து போடணும், அதுக்கப்புறமும் பேங்க்ல ஒரு வருஷம், ரெண்டு வருஷச் செலவுக்குப் பணம் மீதி காட்டணும். சேமிப்பு முழுக்கத் துடைச்சுப் போட்டு வர்றவரை போர்டு சேத்துக்காது. கடுமைதான். ஆனா 2008-ல வீட்டுக் கடன் எல்லாம் சரிஞ்சப்போ இந்த ஊர் கோ-ஆப்கள் பெரிசா அடிபடாம நின்னதுக்கு இந்தக் கஞ்சத்தனம்தான் முக்கியக் காரணம்.

ஃப்ளாட்டைப் பாக்கறதுக்கு முன்னாடி கம்பெனியோட ரெண்டு வருஷ ஆடிட் கணக்கைக் கேளுங்க. புரோக்கர் அனுப்புவார். எல்லாரும் வரவு செலவுப் பக்கத்தைப் பாத்துட்டு மூடிடுவாங்க. விஷயம் கடைசிப் பக்கங்கள்ல சின்ன எழுத்துல இருக்கற குறிப்புகள்ல இருக்கு. அதுல "அடமானக் கடன்"னு ஒரு பாரா. மீதி எவ்வளவு, வட்டி என்ன, எந்த வருஷம் முடியுது.

ஏன்னா, கணக்குக்காக வெச்சுக்கோங்க: 60 ஃப்ளாட், கட்டிடக் கடன் 30 லட்சம் டாலர், வட்டி மட்டும் கட்டற லோன், 3 சதவீதம். வருஷம் 90 ஆயிரம். வட்டி மலிஞ்சு கிடந்த காலத்துல பத்து வருஷத்துக்குன்னு வாங்கினது. அந்தக் கெடு இப்ப முடியுது, புது லோன் 6 சதவீதம். வருஷம் 180 ஆயிரம். கூடுதல் 90 ஆயிரத்தை 60-ஆல வகுத்தா வீட்டுக்கு 1,500. மாசம் 125. நீங்க சாவி வாங்கின ஆறாம் மாசம் 940 வந்து 1,065-ல நிக்கும். விளம்பரத்துல இது வராது. புரோக்கர் பொய்யும் சொல்லல, இன்னிக்குத் தேதிக்கு 940 நிஜம்தானே.

பிப்ரவரி 12, அப்புறம்

விட்டுப்போச்சு. லாயர் போர்டு மீட்டிங் குறிப்புகளையும் படிப்பார், மேனேஜ்மென்ட் ஆபீஸ் போய் உக்காந்து, இல்லன்னா ஆன்லைன்ல. படிக்கலன்னா வேற லாயர் பாருங்க. திரும்பத் திரும்ப ஒரே வரி வந்தா காதைத் தீட்டிக்கணும். எங்க கட்டிடத்துக் குறிப்புல ஒரு காலத்துல "சி வரிசை, சமையலறைக் கசிவு" மீட்டிங்குக்கு மீட்டிங் வரும். சி வரிசைன்னா 1சி-லேர்ந்து 6சி வரைக்கும் ஒரே செங்குத்துக் குழாய், நூறு வயசு. அதைப் படிச்ச ஒருத்தர் சி-யை விட்டுட்டு டி-யை வாங்கினார். கெட்டிக்காரர்.

பிப்ரவரி 13, வியாழன்

"லைவ்லி நெய்பர்ஹுட்"னு விளம்பரத்துல போட்டிருக்கே, நிஜமான்னு கேட்டவருக்கு.

நிஜம். கொஞ்சம் ஜாஸ்தியாவே நிஜம். ரூஸ்வெல்ட் அவென்யூ தலைக்கு மேல இரும்புத் தூண்ல 7-ஆம் நம்பர் ரயில் ஓடும். அடியில நின்னு போன் பேச முடியாது. ஒரு பக்கம் கொலம்பியாக்காரங்க அரேபா சுடறாங்க, 74-வது தெரு பக்கம் திபெத்துக்காரங்க வண்டியில மோமோ, பங்களாதேஷ்காரங்க வெத்தலை, நகைக்கடை, படேல் பிரதர்ஸ். வெண்டைக்காய், முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் நடந்துபோய் வாங்கலாம், எடிசன் அண்ணா கவனிக்க. ரெண்டு தெரு தள்ளி 35-வது அவென்யூ பக்கம் வந்தா திடீர்னு சத்தம் அறுந்துபோகும், செங்கல் கட்டிடமும் மரமும்தான்.

ஒண்ணு மட்டும் குறை. நல்ல தோசை கிடையாது. அதுக்கு 7-ஐப் பிடிச்சு ஃப்ளஷிங் கடைசி ஸ்டேஷன், அங்கேர்ந்து பஸ்ல பௌன் தெரு பிள்ளையார் கோயில். 1977-ல கும்பாபிஷேகம் ஆன கோயில். சாமி மேல, கேன்டீன் கீழ. நான் பாதி நாள் நேரா கீழதான் போறேன்.

34-வது அவென்யூவை 2020 கொரோனா சமயத்துல காரை நிறுத்தி ஜனங்க நடக்கத் திறந்து விட்டாங்க. 26 பிளாக், ரெண்டு கிலோமீட்டருக்கு மேல. அது அப்படியே நிலைச்சுடுச்சு. சாயங்காலம் குழந்தைங்க சைக்கிள், பாட்டிங்க நடைப்பயிற்சி. பார்க்கிங் போச்சுன்னு கார்காரங்களுக்கு இன்னும் வயித்தெரிச்சல்.

வீடு பாக்க ஞாயித்துக்கிழமை ஒரு மணி ஓபன் ஹவுஸுக்கு மட்டும் போகாதீங்க. சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணிக்கு அந்தத் தெருவுல நில்லுங்க. லாகார்டியா ஏர்போர்ட் பக்கத்துலயே. காத்து திசை மாறினா விமானம் தலைக்கு மேலதான் இறங்கும்.

பிப்ரவரி 15, சனி

தோட்டத்தைப் பத்தி ஒரு கதை. கதை இல்ல, சரித்திரம்.

1909-ல குயின்ஸ்பரோ பாலம் திறந்தாங்க. அந்தச் சமயத்துலயே குயின்ஸ்பரோ கார்ப்பரேஷன்னு ஒரு கம்பெனி, எட்வர்ட் மக்டூகல் தலைமையில, இங்க இருந்த பண்ணை நிலத்தை வளைச்சு வாங்கிடுச்சு. 1917-ல ரயில் வந்தது. கட்டிடங்களைப் பிளாக்கோட ஓரத்துல சுத்திக் கட்டி, நடுவுல முழுக்கத் தோட்டம் விட்டாங்க. தெருவுல நடந்தா தெரியவே தெரியாது, உள்ள போனாத்தான் தெரியும். 1919-20 வாக்குல வாடகைக்கு விடறதை விட்டுட்டு ஷேர் போட்டு விக்க ஆரம்பிச்சாங்க. ஆக உங்க கோ-ஆப் முறைக்கு இந்த ஏரியாவுல நூறு வயசுக்கு மேல.

இப்ப கசப்பான பாதி. ஷேர் போட்டு வித்ததுல கம்பெனிக்கு இன்னொரு வசதி இருந்தது. யாரைச் சேக்கறது, யாரை விடறதுன்னு தேர்ந்தெடுக்கலாம். யூதர்களுக்கு இல்ல, கறுப்பர்களுக்கு இல்ல. ஒளிவு மறைவெல்லாம் கிடையாது, வெளிப்படையான கொள்கையே அதுதான். 1965-ல குடியேற்றச் சட்டம் மாறினப்புறம்தான் நம்மளை மாதிரி ஆட்கள் இந்தப் பக்கம் வந்தது.

போர்டு மீட்டிங்ல உக்காந்து அடுத்தவங்க வருமானவரிக் காகிதத்தைப் புரட்டும்போது எனக்கு இது ஞாபகம் வரும். அதே மேஜையில இப்ப ஒரு பெரு நாட்டு அம்மா, ஒரு வங்காளி, நான். அதிகாரம் மட்டும் பழைய அதிகாரம்.

இதே ஏரியாவுல குடியிருந்த ஆல்ஃப்ரட் பட்ஸ்தான் ஸ்கிராபிள் விளையாட்டைக் கண்டுபிடிச்சார். 35-வது அவென்யூ, 81-வது தெரு முனையில தெருப் பலகையில எழுத்துக்குக் கீழ ஸ்கிராபிள் மதிப்பெண் போட்டிருக்கும். ஓபன் ஹவுஸ் போனா பாத்துட்டு வாங்க.

பிப்ரவரி 15, ராத்திரி

மேல சொன்னதோட நடைமுறை விளைவு ஒண்ணு. 1993-ல இந்த ஏரியாவோட ஒரு பகுதியை நகரம் பாதுகாக்கப்பட்ட வரலாற்றுப் பகுதியா அறிவிச்சது. உங்க கட்டிடம் அதுக்குள்ளன்னா ஜன்னல் மாத்த, சுவத்துல ஏசிக்கு ஓட்டை போட லேண்ட்மார்க்ஸ் கமிஷன் அனுமதி வேணும். கம்பெனி அனுமதி தனி.

பிப்ரவரி 16, ஞாயிறு

இன்டர்வியூ பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க.

முதல்ல ஒரு கட்டு காகிதம். ரெண்டு வருஷ வரிக் கணக்கு, பேங்க் ஸ்டேட்மென்ட் எல்லாப் பக்கமும், வேலைக்கான லெட்டர், "இவர் நல்லவர், வல்லவர்"னு நண்பர்கள் லெட்டர். லோன் தவணையும் மெயின்டனன்ஸும் சேந்து மாச வருமானத்துல முப்பது சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு பல போர்டு பாக்கும், சிலது இன்னும் இறுக்கும். காகிதம் தேறினாத்தான் இன்டர்வியூ.

என் இன்டர்வியூ பேஸ்மென்ட்ல, வாஷிங் மிஷின் ரூமுக்குப் பக்கத்து ரூம்ல. டிரையர் சுத்தற சத்தம் சுவத்து வழியா வந்துகிட்டே இருந்தது. நாலு பேர், ஒரு தட்டு பிஸ்கட். "இசைக் கருவி எதாவது வாசிப்பீங்களா?"ன்னு கேட்டாங்க. சும்மா பேச்சுக் குடுக்கறாங்கன்னு நெனச்சு, சின்ன வயசுல வீணை கத்துக்கிட்டதைப் பெருமையா ஆரம்பிச்சேன். ஒருத்தர் பேனாவை எடுத்துட்டார். சத்தம் பத்திக் கேக்கறாங்கன்னு அப்பதான் உறைச்சது. "வீணை இந்தியாவுல இருக்கு"ன்னு முடிச்சுட்டேன்.

உள்ள வந்தப்புறம் வீட்டு விதிப் புத்தகம் ஒண்ணு. தரையில 80 சதவீதம் கார்ப்பெட் போடணும். ஃப்ளாட்டுக்குள்ள வாஷிங் மிஷின் கூடாது. மாடிப்படியில செருப்பு விடக் கூடாது. காலை எட்டுக்கு முன்னாடி சத்தம் கூடாது. இதுல என்னை மாட்டிவிட்டது கிரைண்டர். விடிகாலை ஆறுக்கு மாவு ஆட்டினேன், கீழ் வீட்டு அம்மா "மேல என்ன, கட்டிட வேலையா?"ன்னு வந்து நின்னாங்க. அடுத்த வாரம் ரெண்டு இட்லியும் சட்னியும் கொண்டுபோய்க் குடுத்தேன். இப்ப கிரைண்டர் சத்தம் கேட்டா போன் பண்றாங்க, "நாளைக்கா, நாளன்னிக்கா?"

பிப்ரவரி 16, சாயங்காலம்

"ஹெச்1பின்னு சொல்லி ஒதுக்குவாங்களா?" நகரத்தோட மனித உரிமைச் சட்டப்படி இனம், மதம், பிறந்த நாடு மட்டும் இல்ல, குடியுரிமை நிலையைக் காட்டியும் வேண்டாம்னு சொல்லக் கூடாது. ஆனா வேண்டாம்னு சொல்லும்போது காரணம் சொல்லணும்னு சட்டம் கட்டாயப்படுத்தினது இல்ல. ஒரே வரி லெட்டர் வரும். அப்ப எதுக்காக வேண்டாம்னாங்கன்னு எப்படி நிரூபிப்பீங்க? எனக்கு இதுல உறுத்தல் உண்டு. பணக் காரணம்னா பணக் காரணம்னு எழுதிக் குடுக்கறதுல என்ன குறைஞ்சுபோகும்? எங்க போர்டுல சொல்லிப் பாத்தேன். "லாயர் வேண்டாம்ங்கறார்"னு மூடிட்டாங்க.

கோர்ட்டும் போர்டு பக்கம்தான் சாயும். 1990-ல மாநிலத்தோட உச்சக் கோர்ட், போர்டு நல்லெண்ணத்தோட, தன் அதிகார எல்லைக்குள்ள எடுத்த முடிவைக் கோர்ட் குடைஞ்சு பாக்காதுன்னு சொல்லிடுச்சு. 2003-ல இன்னும் ஒரு படி மேல. மன்ஹாட்டன் மேற்கு 67-வது தெருவுல ஒரு கோ-ஆப். புதுசா வந்த ஒருத்தர், மேல் வீட்டு வயசான தம்பதி டிவியை அலற விடறாங்க, வீட்டுக்குள்ள புத்தக பைண்டிங் தொழில் நடத்தறாங்கன்னு புகார் மேல புகார். பாத்தா அப்படி எதுவும் இல்ல. வழக்கு மேல வழக்கு போட்டார். கடைசியில மத்த பங்குதாரர்கள் கூட்டம் போட்டு ஓட்டுப் போட்டு அவரை வெளியேத்தினாங்க, கோர்ட்டும் சரின்னுடுச்சு. சொந்த வீட்டுலேர்ந்து அக்கம்பக்கத்தார் ஓட்டுல வெளியேத்த முடியும். ஆபீஸ்காரர் "வாடகை"ன்னு சொன்னதுல இந்தப் பாதி சரி.

பிப்ரவரி 19, புதன்

தம்பி நேத்து எழுதினது: "அக்கா, மூணு வருஷத்துல அப்பா அம்மாகூட இருக்க ஊருக்குத் திரும்பிடுவேன்னு நெனக்கறேன். அப்புறம் வாடகைக்கு விட்டுட்டா லோன் அதுவே கட்டிக்கும்."

இதை முதல் நாளே சொல்லியிருக்கக் கூடாதா! வாங்குங்கன்னு சொன்னதை இப்ப வாபஸ் வாங்கறேன். நிறைய கோ-ஆப்ல விதி இப்படித்தான் ஓடும்: முதல் ரெண்டு வருஷம் நீங்களே குடியிருக்கணும், அப்புறம் போர்டு அனுமதியோட அஞ்சு வருஷத்துல ரெண்டு வருஷம் வாடகைக்கு விடலாம், அதுக்குத் தனிக் கட்டணம், வாடகைக்கு வர்றவருக்கும் ஒரு இன்டர்வியூ. சில இடத்துல அறவே கிடையாது. திருச்சியில உக்காந்துகிட்டு காலாகாலத்துக்கும் வாடகை வாங்கறது கோ-ஆப்ல நடக்காது. அதுக்குத்தான் காண்டோ அந்த விலை.

ஏர்பிஎன்பி பத்தி யோசிக்காதீங்க. 2023 செப்டம்பர்லேர்ந்து நகரத்துல பதிவு பண்ணணும், வீட்டுக்காரர் கூடவே தங்கணும், ரெண்டு விருந்தாளிக்கு மேல கூடாது. ஒரு பெட்ரூம்ல யார் எங்க படுக்கறது?

மூணு வருஷத்துல வித்துட்டுப் போறதுன்னா, வாங்கற செலவும் விக்கற செலவும் சேத்துப் பாருங்க. விக்கும்போது நகர வரி 1 சதவீதம், மாநில வரி 0.4, புரோக்கர் கமிஷன், லாயர், அதுக்கு மேல சில கட்டிடத்துல ஃபிளிப் டாக்ஸ்னு கம்பெனிக்கே ஒரு பங்கு. விலை ஏறலன்னா கையைக் கடிக்கும்.

பிப்ரவரி 22, சனி

ஸ்பான்சர் ஃப்ளாட் வாங்கினா எந்த விதியும் இல்லன்னு மேல ஒருத்தர் எழுதியிருக்கார். திருத்தம். 1980-கள்ல நிறைய வாடகைக் கட்டிடம் கோ-ஆப்பா மாறினப்போ மாத்தின முதலாளி கையிலேயே சில ஃப்ளாட் தங்கிடுச்சு, அவரைத்தான் ஸ்பான்சர்ங்கறோம். அவர்கிட்ட வாங்கினா போர்டு இன்டர்வியூ கிடையாது. விலை கொஞ்சம் கூடச் சொல்லுவார், அவர் கட்ட வேண்டிய வரியையும் உங்க தலையில வெப்பார். ஆனா வாங்கினப்புறம் நீங்களும் சாதா பங்குதாரர்தான். கார்ப்பெட் உண்டு, கிரைண்டர் விதி உண்டு.

ஒரு ஆள் கையில ரொம்ப ஷேர் இருக்கற கட்டிடம்னா பேங்க் லோன் குடுக்கவே தயங்கும். ஆடிட் குறிப்புல அதுவும் இருக்கும்.

பிப்ரவரி 27, வியாழன்

தம்பி கணக்கு அனுப்பினார், படிச்சேன். கட்டிடப் பேர் வேண்டாம். கடன் கெடு அடுத்த வருஷம். கையிருப்பு நிதி சுமார். வாடகைக்கு விடற விதி நான் சொன்னது மாதிரியே. ஃபிளிப் டாக்ஸ் இல்ல, சந்தோஷம்.

இன்னும் ரெண்டு விஷயம் கேக்கச் சொன்னேன். ஒண்ணு, 2019-ல வந்த லோக்கல் லா 97. 25,000 சதுர அடிக்கு மேல இருக்கற கட்டிடம் வெளியேத்தற கரியமில வாயு ஒரு அளவுக்குள்ள இருக்கணும். 2024-ல ஆரம்பிச்சுடுச்சு, 2030-ல இறுக்கம் கூடும். மீறினா டன்னுக்கு 268 டாலர் அபராதம். பாய்லர் எண்ணெயா, கேஸா, மாத்தப் போறாங்களா? மாத்தினா அந்தச் செலவு அசெஸ்மென்ட்னு ஷேர் கணக்குல உங்க மேலதான் விழும். முன்பக்கச் சுவர்ப் பரிசோதனைச் செலவுன்னு பயமுறுத்தினவருக்கு: அஞ்சு வருஷத்துக்கு ஒருதரம் வர்ற அந்தச் சட்டம் ஆறு மாடிக்கு மேல இருக்கற கட்டிடத்துக்கு. இங்க பெரும்பாலும் ஆறு மாடியோட நிக்கும்.

ரெண்டாவது, கேஸ். நாலு வருஷத்துக்கு ஒருதரம் குழாய்ப் பரிசோதனை உண்டு. கசிவு கண்டுபிடிச்சா வரிசை முழுக்க மூடிடுவாங்க, திரும்பத் திறக்க மாசக்கணக்கு. எங்க கட்டிடத்துல நடந்தது. ஆளுக்கு ஒரு ஒத்தைச் சுருள் மின்னடுப்பு குடுத்தாங்க. கல்லு நடுவுல மட்டும் சூடாகும், தோசை நடுவுல கருகி ஓரத்துல மாவா நிக்கும். பால் பொங்க இருபது நிமிஷம். பக்கத்து வீட்டு பெரு அம்மா அந்தக் காலத்துல சமைக்கறதையே விட்டுட்டாங்க.

மார்ச் 2, ஞாயிறு

ஓபன் ஹவுஸுக்கு நானும் கூடப் போனேன். ஃப்ளாட் நல்லா இருக்கு, சொல்லித்தான் ஆகணும். வாசல்ல ஒரு சதுர ஹால், அதுலேயே சாப்பாட்டு மேஜை போடலாம். மீன்முள் மாதிரி பதிச்ச ஓக் தரை. சமையலறை ஒல்லி, ரெண்டு பேர் நின்னா ஒருத்தர் வெளிய போகணும், ஆனா ஜன்னல் இருக்கு, தாளிக்கற வாசனை போயிடும். பாத்ரூம் ஜன்னல் ஓரத்துல பெயின்ட் உப்பிக்கிட்டு நிக்குது. விரலால தொட்டேன், ஈரம் இல்ல, பழைய கசிவு. எப்ப சரிபண்ணினாங்கன்னு லாயரைக் கேக்கச் சொல்லியிருக்கேன். தோட்டத்துல பனி மூடியிருந்தது, ஒரு கிழவர் மண்வெட்டியோட பாதை எடுத்துக்கிட்டிருந்தார். போர்டு தலைவர்னு அப்புறம் தெரிஞ்சது. தம்பி போய் ரெண்டு வார்த்தை பேசினார். இன்டர்வியூவுல பாதி அங்கேயே முடிஞ்சிருக்கும்.

தம்பிக்கு ஊருக்குப் போற யோசனை இப்ப ஆடுது. "அஞ்சு வருஷம், ஏழு வருஷம்கூட ஆகலாம்"ங்கறார். ஜன்னல் பண்ற வேலை. அஞ்சு வருஷம்னா கணக்கு கூடி வருது. மூணுன்னா இன்னும் வாடகை வீடே மேல்.

மார்ச் 8, சனி

இப்போதைய நிலவரம். மெயின்டனன்ஸ் 125 ஏறும்னு வெச்சு, அந்தச் சுமையை விலையில கழிச்சு 345-க்கு ஆஃபர் போட்டிருக்கார். புரோக்கர் மூஞ்சியைச் சுளிச்சாராம். ஆடிட் குறிப்பு எந்தப் பக்கத்துல இருக்குன்னு சொல்லி அனுப்பச் சொன்னேன். 355-ல வந்து நிக்கும்னு நெனக்கறேன், அதுக்கு மேல ஏறாதீங்கன்னு சொல்லியிருக்கேன்.

அப்பாவுக்கு ஷேர் சர்டிஃபிகேட் மாதிரி ஒண்ணை வாட்ஸ்ஆப்ல அனுப்பினாராம். "இதை எந்த ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பதியணும்?"னு பதில்.

எடிசன் அண்ணா: இல்ல, தம்பி இன்னும் மனசு மாறல.

கிரைண்டர் பத்தித் தனியாக் கேட்ட மூணு பேருக்கும் சேத்து: ஊர்லேர்ந்து 220 வோல்ட் எடுத்துட்டு வராதீங்க, டிரான்ஸ்ஃபார்மர் கிரைண்டரை விட கனம். 110 வோல்ட் டேபிள் டாப் இங்கேயே கிடைக்குது. அடியில ரப்பர் பாய் ஒண்ணு, அதுக்குக் கீழ பழைய யோகா பாயை நாலா மடிச்சுப் போடுங்க. எட்டு மணிக்கு மேல.